டாக்குமென்டுக்கு மார்க் போட்டால் டாக்குமென்ட்தான் வரும்: பெர்க்லி மென்பொருள் பொறியியல் வகுப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மென்பொருள் பொறியியல் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகப் பழகியிருக்கும். செமஸ்டரின் கடைசி வாரம். ஸ்பைரல் பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டுகள் மேசையில் குவிந்து கிடக்கும். தேவை ஆவணம், வடிவமைப்பு ஆவணம், யு.எம்.எல். படங்கள் (நிரலின் அமைப்பைக் காட்டும் வரைபடங்கள்), டெஸ்ட் கேஸ் அட்டவணை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அட்டவணையில் 40 டெஸ்ட் இருந்தால் 40-க்கும் நேராக 'பாஸ்' என்று போட்டிருக்கும். சரி, புரோகிராமை ஓட்டிக் காட்டுங்கள் என்றால், அது ஒரே ஒரு மாணவரின் லேப்டாப்பில் மட்டும்தான் ஓடும். அவர் அன்றைக்கு வந்திருக்க மாட்டார். முதலில் நிரலை எப்படியோ எழுதி முடித்துவிட்டு, அதைப் பார்த்து வடிவமைப்புப் படங்களைக் கடைசி இரவில் வரைந்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

இதை மாணவர்களின் சோம்பல் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சி.எஸ். 169 என்ற எண்ணில் நடத்தப்பட்ட மென்பொருள் பொறியியல் பாடத்தைப் பற்றிப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியது. உலகின் மிகத் திறமையான கணினி மாணவர்கள் சிலர் படிக்கிற இடம் அது. அங்கேயும் தொடக்கக் காட்சி இதேதான். மாணவர்கள் வகுப்பில் முறைகளைக் கேட்பார்கள், தேர்வில் எழுதுவார்கள், புராஜெக்ட் என்று வந்ததும் தங்களுக்குப் பழகிய வழியில் கோடிங் செய்துவிட்டு ஆவணங்களைப் பிறகு ஒட்டவைப்பார்கள். இதை மாற்ற அங்கே என்ன செய்தார்கள், அதில் எது நமக்கு எட்டும், எது எட்டாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிறுவனங்கள் சொன்ன மூன்று குறைகள்

பாடத்தை மாற்றியவர்கள் ஆர்மாண்டோ ஃபாக்ஸ், டேவிட் பேட்டர்சன் இருவரும். பேட்டர்சன் அடிப்படையில் வன்பொருள் ஆள். ரிஸ்க் எனப்படும், எளிய கட்டளைகளைக் கொண்ட ப்ராசஸர் வடிவமைப்புக்காக ஜான் ஹென்னஸியுடன் சேர்ந்து, கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதை 2017-ஆம் ஆண்டுக்குப் பெற்றவர். ஃபாக்ஸ் கணினி அமைப்புகள் பற்றி ஆராய்ந்தவர். கிளவுட் கம்ப்யூட்டிங் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினி வசதி) என்றால் என்ன என்று உலகத்துக்கு விளக்கிய 2009-ஆம் ஆண்டின் பெர்க்லி அறிக்கையை எழுதிய குழுவில் இருவருமே இருந்தார்கள். கிளவுட் ஆராய்ச்சியில் இருந்ததால் மென்பொருள் நிறுவனங்களோடு அவர்களுக்கு நெருக்கமான பேச்சு இருந்தது. அந்தப் பேச்சில் புதுப் பட்டதாரிகளைப் பற்றிய குறைகள் திரும்பத் திரும்ப வந்தன.

2012 மே மாதம் கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம் என்ற கணினித் துறை இதழில் எழுதிய கட்டுரையில் அந்தக் குறைகளை இருவரும் வெளிப்படையாக வைத்தார்கள். பிள்ளைகளுக்குக் கோடிங் வருகிறது, பிழை திருத்த வருகிறது. ஆனால் வேறொருவர் எழுதி, சரியான விளக்கம் இல்லாமல் விட்டுப்போன பழைய நிரலில் புது வசதி சேர்க்கத் தெரியவில்லை. டெஸ்ட் எழுதுவதை வேலையின் பகுதியாகவே நினைப்பதில்லை. தொழில்நுட்பம் தெரியாத வாடிக்கையாளரோடு உட்கார்ந்து பேசி, அவருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

இந்த மூன்றையும் நம் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றுமே பாடத்தில் இருக்கின்றன. பராமரிப்பு கடைசி யூனிட்டில் வரும், டெஸ்டிங்குக்குத் தனி யூனிட் உண்டு, தேவை சேகரிப்பு இரண்டாவது யூனிட். ஆக, பாடத்தில் இருப்பது ஒன்று, மாணவர் கையால் செய்வது வேறொன்று. மென்பொருளுக்கு ஆகும் மொத்தச் செலவில் சுமார் 60 சதவீதம் பராமரிப்புக்கும், அந்தப் பராமரிப்புச் செலவில் சுமார் 60 சதவீதம் புது வசதிகள் சேர்ப்பதற்கும் போகிறது என்று மென்பொருள் பொறியியல் எழுத்தாளர் ராபர்ட் கிளாஸ் சொன்ன ஒரு தோராயக் கணக்கு இந்தத் துறையில் பிரபலம். அப்படிப் பார்த்தால், வேலைக்குப் போகிற பிள்ளை முதல் நாளே தொடப்போவது இன்னொருவர் எழுதிய நிரலைத்தான். நான்கு வருடப் படிப்பில் அதை ஒருமுறைகூடத் தொடாமல் அனுப்பிவைக்கிறோம்.

ஏன் இணையச் சேவை?

சி.எஸ். 169-இல் மாணவர்கள் கட்டுவது இணையத்தில் ஓடும் சேவை. ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற இணையச் செயலிக் கட்டமைப்பில் எழுதி, கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் வைத்து, ஹெரோகு என்ற கிளவுட் தளத்தில் ஏற்றுவார்கள். நாகரிகத்துக்காக எடுத்த முடிவு இல்லை இது. செமஸ்டர் என்பது சுமார் 15 வாரம். அதற்குள் ஒரு பொருளைக் கட்டி, உண்மையான ஆள் கையில் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்தி, மறுபடி கொடுக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு தடவையும் அவருடைய கணினியில் போய் இன்ஸ்டால் செய்துகொண்டிருக்க முடியாது. சேவையாக இருந்தால் சர்வரில் ஒரே பிரதிதான். இன்று மாற்றினால் நாளைக் காலை வாடிக்கையாளர் பிரவுசரில் பார்த்துவிடலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு வெளியீடு என்ற எஜைல் பழக்கம் (சிறு சுற்றுகளாகக் கட்டி, காட்டி, திருத்தும் முறை) இதனால் வகுப்பறைக்குள் நடக்கக்கூடியதாக ஆகிறது. நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுவுக்கும் எஜைல்தான் பொருந்தும். பெரிய திட்டங்களுக்காக உருவான ஆவண முறைகளை ஐந்து பேர் மீது போட்டால், அவர்கள் நடித்துத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

மார்க் எதற்கு?

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மதிப்பிடும் முறை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வகுப்பின் எடுத்துக்காட்டுச் செயலி 'ராட்டன் பொட்டேட்டோஸ்' என்ற சின்ன சினிமாப் பட்டியல். ஒரு வீட்டுப்பாடம் இப்படி: படத்தின் பெயர் அல்லது வெளியான தேதி என்ற தலைப்பைச் சொடுக்கினால் பட்டியல் அந்த வரிசையில் மாற வேண்டும். சென்சார் தரத்துக்கு ஒரு டிக் பெட்டி இருக்கும், டிக் செய்த தரத்துப் படங்கள் மட்டும் தெரிய வேண்டும். வேறு பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தாலும் முன்பு வைத்த தேர்வு அப்படியே இருக்க வேண்டும். மாணவர் இதைச் செய்து ஹெரோகுவில் ஏற்றிவிட்டு அந்த முகவரியைச் சமர்ப்பிப்பார். தானாக மதிப்பிடும் மென்பொருள் அந்த முகவரிக்குப் போய், ஒரு மனிதர் செய்வதுபோல டிக் போட்டு, தலைப்பைச் சொடுக்கி, திரும்பி வந்து பார்க்கும். என் லேப்டாப்பில் ஓடுகிறது என்ற பதிலுக்கு அங்கே இடமே இல்லை. ஊருக்கே தெரியும் இடத்தில் ஓடினால்தான் மார்க்.

இதைவிட அழகானது அடுத்தது. மாணவர் எழுதும் டெஸ்டுக்கு எப்படி மார்க் போடுவது? நம் ஊரில் அட்டவணையை எண்ணுவோம். எத்தனை டெஸ்ட் இருக்கிறது, படிவம் சரியா என்று பார்ப்போம். பெர்க்லியில் மாணவரின் டெஸ்டை எடுத்து முதலில் ஆசிரியர் எழுதிய சரியான நிரலின் மேல் ஓட்டுவார்கள். அங்கே எல்லாம் பாஸ் ஆக வேண்டும். பிறகு அதே நிரலில் வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்திய பிரதியின் மேல் ஓட்டுவார்கள். அங்கே குறைந்தது ஒரு டெஸ்டாவது ஃபெயில் ஆக வேண்டும். இப்படிப் பல பிரதிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிழை. எத்தனை பிழையை மாணவரின் டெஸ்ட் பிடித்தது என்பதுதான் மார்க். எதையும் சோதிக்காமல் எப்போதும் 'பாஸ்' சொல்லும் போலி டெஸ்ட் இந்த முறையில் பூஜ்யம் வாங்கும். எதற்கெடுத்தாலும் ஃபெயில் சொல்வதும் பூஜ்யம்தான்.

இன்னொரு வீட்டுப்பாடத்தில், ஒரு படத்தைத் திறந்தால் அதே இயக்குநரின் மற்றப் படங்களைக் காட்டும் வசதியைச் சேர்க்க வேண்டும். கொடுக்கப்பட்ட தரவில் ஒரு படத்துக்கு மட்டும் இயக்குநர் பெயர் காலியாக இருக்கும். அங்கே என்ன நடக்க வேண்டும் என்பதும் தேவையின் பகுதி: முகப்புக்குத் திருப்பி அனுப்பி, இந்தப் படத்துக்கு இயக்குநர் விவரம் இல்லை என்று சொல்ல வேண்டும். நல்லபடி நடக்கும் பாதைக்கு மட்டும் டெஸ்ட் எழுதிவிட்டு வருபவர் இங்கே மாட்டிக்கொள்வார். காலிப் பெட்டி என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், மார்க் போன பிறகு சொல்லவே வேண்டியதில்லை.

அப்புறம் பழைய நிரல். ஒரு வீட்டுப்பாடத்துக்கு 'டைப்போ' என்ற திறமூல வலைப்பதிவு மென்பொருளை எடுத்துக் கொடுத்தார்கள். யாரோ பல பேர் பல வருடம் எழுதியது. அதில் இரண்டு கட்டுரைகளை ஒன்றாக இணைக்கும் வசதியைச் சேர்க்க வேண்டும். இணைத்த கட்டுரையில் இரண்டின் உரையும் இருக்க வேண்டும், தலைப்பும் ஆசிரியர் பெயரும் ஒன்று மட்டும், இரண்டிலும் இருந்த கருத்துகள் தொலையக் கூடாது, நிர்வாகியைத் தவிர வேறு யாரும் இதைச் செய்ய முடியக் கூடாது. சேர்க்க வேண்டிய வரிகள் கொஞ்சம்தான். அந்த வரிகளை எங்கே சேர்ப்பது என்று கண்டுபிடிப்பதில்தான் நேரமெல்லாம் போகும். வேலைக்குப் போனவர்களைக் கேட்டால் அவர்கள் முதல் மாதமும் அப்படித்தான் போயிருக்கும்.

உண்மையான வாடிக்கையாளர்

தனி வீட்டுப்பாடங்களுக்கு அப்பால் குழு புராஜெக்ட் இருக்கிறது. லாப நோக்கமற்ற அமைப்புகள், வளாகத்து அலுவலகங்கள் போன்ற உண்மையான தேவை உள்ளவர்கள் வாடிக்கையாளர்கள். இரண்டு வாரச் சுற்றுகளாக வேலை நடக்கும். தேவையை யூசர் ஸ்டோரிகளாக, ஒரு அட்டையில் அடங்கும் அளவுக்கு எழுதுவார்கள்: இன்னாராகிய நான், இன்ன காரணத்துக்காக, இன்னதைச் செய்ய விரும்புகிறேன். திரையைக் கணினியில் வடிவமைப்பதற்கு முன் பேப்பரில் பென்சிலால் வரைந்து காட்டுவார்கள். பேப்பரில் இருந்தால் வாடிக்கையாளர் தயங்காமல் 'இது வேண்டாம்' என்று சொல்வார். முடிந்ததுபோல் தெரியும் திரையைப் பார்த்தால், பாவம் பிள்ளைகள் கஷ்டப்பட்டிருக்கிறார்கள் என்று தலையாட்டிவிடுவார்.

அந்த ஸ்டோரிகளை 'குக்கம்பர்' என்ற கருவியில் ஓடக்கூடிய டெஸ்டாக எழுதுவது இந்த வகுப்பின் அடையாளங்களில் ஒன்று. இங்கே தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தி. குக்கம்பர் பயன்படுத்தும் மொழியில் தமிழ்க் கட்டளைச் சொற்கள் உண்டு. காட்சி, கொடுக்கப்பட்ட, எப்போது, அப்பொழுது, ஆனால் என்று தமிழிலேயே தொடங்கி வாக்கியங்கள் எழுதலாம், அவை டெஸ்டாக ஓடும். 'எப்போது' என்பது தமிழில் கேள்விச் சொல் என்பதால் அது மட்டும் வாக்கியத்தில் சரியாக உட்காராது. ஆனாலும் ஆங்கிலம் வராத ஒரு வாடிக்கையாளர் படித்துப் பார்த்து 'ஆமாம், இப்படித்தான் வேண்டும்' என்று சொல்லக்கூடிய டெஸ்ட் என்பது சின்ன விஷயமில்லை. இது நம் கல்லூரிகளில் யாருக்கும் தெரியாமல் கிடக்கிறதே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

பெருகியதும், கருவிகள் போனதும்

தானியங்கி மதிப்பீடு கைக்கு வந்ததும் வகுப்பு பெர்க்லியைத் தாண்டியது. இணையவழிப் பாடத் தளங்களான கோர்செராவில் 2012-இல் முதலிலும், பெர்க்லி சேர்ந்த பிறகு எட்எக்ஸிலும் பல்லாயிரம் பேர் இதில் பதிவு செய்தார்கள். அதே வீடியோக்களையும் மதிப்பீட்டு மென்பொருளையும் மற்றக் கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் சின்ன வகுப்புக்குள் எடுத்துப் பயன்படுத்துவதற்கு 'ஸ்பாக்' (சிறிய தனி இணைய வகுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று ஃபாக்ஸ் பெயர் வைத்தார். 2013 வாக்கில் அந்தச் சொல் பரவியது. இருவரும் சேர்ந்து பாடநூலும் எழுதினார்கள்.

ஆனால் கருவிகளை நம்பிக் கட்டிய வகுப்புக்கு ஒரு விலை உண்டு. ஹெரோகு தன் இலவசத் திட்டத்தை 2022 நவம்பரில் நிறுத்தியது. ஸ்டோரிகளை நிர்வகிக்கப் பயன்பட்ட பிவோட்டல் டிராக்கர் 2025 ஏப்ரலோடு மூடப்பட்டது. இந்தப் பாடத்தை அப்படியே நகலெடுத்தவர்கள் ஒவ்வொரு முறையும் வழி தேட வேண்டியிருந்தது. ஆகவே ரெயில்ஸும் ஹெரோகுவும்தான் பெர்க்லி முறை என்று எடுத்துக்கொள்வது தவறு என்பேன். பிழை புகுத்திய பிரதி, வெளியில் ஓடும் முகவரி, பிறர் எழுதிய நிரல், வகுப்புக்கு வெளியே இருக்கும் வாடிக்கையாளர் ஆகிய நான்கும் எந்த மொழியிலும் எந்தச் சர்வரிலும் சாத்தியம்.

தானியங்கி மதிப்பீட்டிலும் குறை இருக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் சமர்ப்பிக்கலாம் என்று விட்டால், சில மாணவர்கள் யோசிப்பதை நிறுத்திவிட்டு மதிப்பிடும் மென்பொருளோடு கண்ணாமூச்சி ஆடுவார்கள். ஒரு வரியை மாற்றுவது, அனுப்புவது, மார்க் ஏறியதா என்று பார்ப்பது. மேலும் வடிவமைப்பு அழகாக இருக்கிறதா, பெயர்கள் புரியும்படி வைத்திருக்கிறார்களா என்பதை மனிதர் படித்துத்தான் சொல்ல முடியும். அதற்குப் பயிற்றுநர்கள் வேண்டும். பெர்க்லியில் வாராவாரம் குழுக்களைச் சந்திக்கச் சீனியர் மாணவர்கள் சம்பளத்துக்குக் கிடைக்கிறார்கள். நமக்கு 60 பேருக்கு ஒரு ஆசிரியர், அதுவும் மூன்று பாடங்களோடு. இந்த இடைவெளியை எந்தக் கருவியும் நிரப்பாது. கல்லூரி நிர்வாகங்கள் பணம் ஒதுக்கினால்தான் மாறும்.

என் வகுப்பில்

முழுவதையும் கொண்டுவர முடியாது என்று தெரிந்தே, என் வகுப்பில் இரண்டை மட்டும் முயன்றேன். எங்கள் மாணவியர் விடுதியில் அவுட்பாஸ் (வெளியே போக அனுமதி) இன்னும் நோட்டில்தான் எழுதப்படுகிறது. விடுதி வார்டன் ஒத்துக்கொண்டதால் அவரையே வாடிக்கையாளராக வைத்துக்கொண்டோம். முதல் சந்திப்பில் மாணவிகள் கேட்டதற்கெல்லாம் அவர் "நல்லா இருக்கும்மா, செய்யுங்க" என்றார். எல்லாம் புரிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் வந்தார்கள். மூன்று வாரம் கழித்து ஓடுகிற பக்கத்தை அவர் கையில் கொடுத்ததும், "அப்பா நம்பர் எங்கம்மா? நான் போன் பண்ணிக் கேக்காம கையெழுத்துப் போடவே மாட்டேனே" என்றார். நோட்டில் அந்த எண் ஓரத்தில் பென்சிலில் இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை, நானும்தான். அனுமதி தரும் திரையிலேயே அந்த எண் தெரிய வேண்டும் என்பதை எந்தக் கேள்விப் பட்டியலும் எங்களுக்குச் சொல்லியிருக்காது. அந்த ஸ்டோரியைத் தமிழ் குக்கம்பரில் எழுதி அவருக்குப் படித்துக் காட்டினோம். இரவு 8 மணிக்கு மேல் வந்த விண்ணப்பத்தைத் தான் பார்ப்பதே இல்லை என்ற அடுத்த விதி அப்போதுதான் வெளியே வந்தது.

இரண்டாவது முயற்சி பழைய நிரல். அந்த அவுட்பாஸ் நிரலை அப்படியே அடுத்த பேட்ச் கையில் கொடுத்து, விடுமுறை நாட்களுக்குத் தனி விதி சேர்க்கச் சொன்னேன். முதல் இரண்டு வாரம் கோபம்தான். 'டெம்ப்2' என்ற பெயரில் ஒரு மாறி எதற்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு குழுவுக்கு ஒரு முழு லேப் வகுப்பு போனது. அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறோம் என்று எல்லாக் குழுக்களும் கேட்டன. அனுமதிக்கவில்லை. மாற்றுவதற்கு முன், இப்போது அது எப்படி நடந்துகொள்கிறதோ அதை அப்படியே பதிவு செய்யும் டெஸ்டுகளை முதலில் எழுதச் சொன்னேன். சரியோ தவறோ, இப்போதைய நடத்தையைப் பிடித்து வைத்துவிட்டுக் கை வைத்தால், எதை உடைத்தோம் என்பது உடனே தெரியும். இன்டர்னல் மார்க்கில் பாதியை அந்த டெஸ்டுகளுக்குக் கொடுத்தேன். பெர்க்லி வழியில் பிழை புகுத்திய ஐந்து பிரதிகளை நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தயாரித்தேன். அதற்கு மேல் எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. முதல் சமர்ப்பிப்பில் பெரும்பாலான குழுக்களின் டெஸ்டுகள் ஐந்தில் ஒன்றையோ இரண்டையோதான் பிடித்தன. அட்டவணையில் எல்லாமே 'பாஸ்' என்று எழுதிப் பழகியவர்களுக்கு அந்த முடிவு பெரிய அதிர்ச்சி. இரண்டாவது தடவை அவர்களே தங்களுக்குள் பிழையைப் புகுத்தி ஒருவர் டெஸ்டை இன்னொருவர் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் சமர்ப்பித்தார்கள். அப்படிச் செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை.

செமஸ்டர் பாதியில், லேப் முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி வந்து நின்றார்.

"மேடம், நாங்க எழுதுறதையும் அடுத்த வருஷம் ஜூனியர்ஸ்கிட்ட கொடுப்பீங்களா?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு திரும்பிப் போய், அணைத்து வைத்த கணினியை மறுபடி போட்டார். அன்று மாலை அவர்கள் குழுவின் கிட்ஹப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 'டெம்ப்2' என்ற பெயர் எல்லாக் கோப்புகளிலும் மாற்றப்பட்டிருந்தது. நிரலைப் பற்றிய விளக்கம் எழுத வேண்டிய, அதுவரை காலியாக இருந்த ரீட்மி கோப்பில், வார்டன் இரவு 8 மணிக்கு மேல் எதையும் பார்க்க மாட்டார் என்ற விதியும் அதன் காரணமும் தமிழில் எழுதப்பட்டிருந்தன.